திரும்பி வரவேண்டிய குண்டு

காலையில் கண் விழிக்கும்போதே வலது தோள்பட்டை வலிக்கும். இருபத்திரண்டு வருடம் சம்மட்டி தூக்கிய தோள். எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில் மணல் விழுந்த மாதிரி உரசும். குவாரி ஓடிய காலத்தில் நாலு அடி அடித்ததும் சூடேறி அடங்கிவிடும். குவாரி நின்று மூன்று வருடமாகிறது. இப்போது வலியோடு எழுந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அதே வலியோடு உட்கார்ந்திருப்பேன். பசியும் உண்டு. ஆனால் பசியைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் காதில் விழும் என்று எங்கள் குடியிருப்பில் யாரும் பேசுவதில்லை. தோள்வலியைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

சண்டை தொடங்கி ஆறு மாதத்தில் வெடிமருந்து முழுக்கப் படைக்குப் போய்விட்டது. வெடி இல்லாமல் கருங்கல் குவாரி இல்லை. முதலாளி துளை போடும் கம்பரசரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் முப்பத்தொரு வீடு. போக வேறு இடம் இல்லாததால் பாறைக்கு அடியிலேயே கிடந்தோம். ரேஷனில் ஆளுக்கு மாதம் நாலு கிலோ அரிசி கொடுத்தார்கள். பிறகு அது இரண்டரை ஆனது. பருப்பும் எண்ணெயும் நின்றுவிட்டன. கேட்கப் போனபோது அதிகாரி ஒருவர், "உங்க மலையில பன்னி கூட்டங்கூட்டமாத் திரியுதாமே, அடிச்சுத் தின்னுங்க. துப்பாக்கி அரசாங்கமே குடுக்கும்" என்றார்.

கொடுத்தார்கள். அதற்கு முன்னால், எங்களில் சிலர் ஒளித்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கம்பிச் சுருக்கு வைத்தால் மூன்று வருடம் ஜெயில் என்று பலகை நட்டார்கள். கம்பியும் படைக்கு வேண்டுமாம். பள்ளம் வெட்டிப் பார்த்தோம். ஒரு மாதத்தில் பன்றிகள் பள்ளத்தைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டன.

துப்பாக்கி வாங்க நானும் எங்கள் மேஸ்திரி மாதனும் பதினோரு கிலோமீட்டர் நடந்து அரசாங்க வழங்கல் மையத்துக்குப் போனோம். கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் தமிழ்க்கொடி. இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு துப்பாக்கியையும் இரண்டு குண்டையும் மேசையில் வைத்தாள்.

"ரெண்டுதானா?" என்றான் மாதன். "முப்பத்தோரு வீடும்மா."

"ரெண்டும் திரும்பி வந்தா அடுத்த ரெண்டு தருவங்க."

"சுட்ட குண்டு எப்பிடிம்மா திரும்பி வரும்? அது என்னா எருமையா, சாயங்காலம் தானா வர?"

அவள் சிரிக்கவில்லை. "பன்னி உடம்புல இருந்து தோண்டி எடுத்துக்கிட்டு வரணும். ஒவ்வொரு குண்டுக்குள்ளயும் கடுகளவு ஒரு சில்லு இருக்குது. அதுல நம்பர் இருக்கும்." குண்டை ஒரு பெட்டியின் அருகில் கொண்டுபோனாள். பெட்டி 'கீ' என்றது. "இந்தப் பெட்டி நம்பரைப் படிக்கும். ரெண்டு நம்பரும் வரவான பிறகுதான் துப்பாக்கி அடுத்த குண்டை ஏத்துக்கும். வெளியில எங்க வாங்கிப் போட்டாலும் வெடிக்காது."

"ஈயத்துக்கா இவ்வளவு பாடு?"

"ஈயத்துக்கு மட்டும் இல்லீங்க. படையில இருந்து ஓடியாந்தவங்க காட்டுல இருக்காங்க. அவங்க கைக்கு ஒரு குண்டுகூடப் போகக்கூடாதுன்னு உத்தரவு."

"தொலைஞ்சு போனா?"

"தொண்ணூறு நாள் நிறுத்துவாங்க. அப்புறம் புதுசு."

இப்படித்தான் எங்கள் வேட்டை ஆரம்பித்தது. துப்பாக்கி என் கைக்கு வந்தது. "சம்மட்டிக்காரனுக்குக் கை நடுங்காது தீத்தா" என்று மாதன் சொன்னான். முதல் வருடத்தில் பதினோரு பன்றி. பன்றி விழுந்ததும் பெண்கள் சட்டி, ஏனத்தோடு வந்து நிற்பார்கள். ஆனால் கறியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். முதலில் குண்டைத் தேட வேண்டும். துளை போன வழியே விரலை விட்டுத் துழாவி, சப்பையாகிப்போன ஈயத்தை எடுத்து, கழுவி, மாதன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். அதன் பிறகுதான் தேக்கிலையில் முப்பத்தொரு கூறு. ஒருமுறை குண்டு எலும்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. மதியத்திலிருந்து பொழுது சாய்கிறவரை ஏனத்தோடு நின்றார்கள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அதுகளுக்கும் பழகிவிட்டது.

பச்சையப்பனைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். அவன் என் ஜோடி. நான் சம்மட்டி, அவன் உளி. உளி பிடிக்கிறவன் சம்மட்டியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை கூசும், கூசினால் மணிக்கட்டு போய்விடும். இருபது வருடம் அவன் ஒருமுறைகூட என் சம்மட்டியை நிமிர்ந்து பார்த்ததில்லை. என் பெரியப்பா மகள் சென்னம்மாவைக் கட்டினான். அதனால் எனக்கு மச்சான்.

குவாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெடி வைத்து ஆள் கத்தியதும், பாறைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுப்போம். சத்தம் வருகிறவரை தலை தூக்க மாட்டோம். சத்தம் வந்துவிட்டால் உடனே எழுந்து கல்லைப் பொறுக்க ஓடுவோம். யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு நல்ல கல். சத்தம் கேட்டால் ஆபத்து முடிந்தது என்று உடம்புக்கே தெரியும். யோசிக்க வேண்டியதில்லை.

போன ஆவணியில் ஒருநாள், விடிந்து வெயில் ஏறுகிற நேரம். காய்ந்த ஓடையில் பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அது மேட்டுப் பக்கம் திரும்பாமல் மறிக்க, பச்சையப்பன் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தான். நான் சுட்டேன். பின்னந்தொடையில் பட்டது. பன்றி விழவில்லை. மேட்டைப் பார்த்து ஓடியது. மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். பன்றி போனால் குண்டும் போகும். குண்டு போனால் தொண்ணூறு நாள். என் மனதில் அந்தத் தொண்ணூறு நாள்தான் ஓடியது. குறி பார்த்த பார்வையில் பன்றி மட்டும் இருந்தது. இரண்டாவது குண்டையும் சுட்டேன்.

முதல் சத்தம் கேட்டதும் பச்சையப்பன் எழுந்துவிட்டான்.

இடுப்பில் பட்டது. பின்பக்கமாக உள்ளே போய், வெளியே வரவில்லை. அவன் உட்கார்ந்த மாதிரியே சரிந்து, "என்னா மச்சான், ரெண்டு வெடியா வச்ச?" என்று கேட்டான்.

நானும் இரண்டு பேரும் அவனை மாட்டுவண்டியில் போட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐம்பது அடி தள்ளி விழுந்து கிடந்த பன்றியை மற்றவர்கள் அறுத்தார்கள். முதல் குண்டு கிடைத்தது. மாதன் அதைத் தூக்கிக் காட்டினானாம். கூறு போட்டார்கள். மறுநாள் நான் வீட்டுக்கு வந்தபோது என் கூறும் சட்டியில் இருந்தது. தின்றேன்.

டாக்டர் குண்டை எடுக்கவில்லை. மயக்கமருந்து எல்லாம் படை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. "தண்டுவடத்துக்குப் பக்கத்துல நிக்குது. தொட்டா ஆபத்து. உள்ளயே இருந்துட்டுப் போகட்டும். எத்தனையோ பேர் குண்டோட எழுபது வயசு வரைக்கும் இருக்காங்க" என்றார். இருபது நாளில் பச்சையப்பன் தடி ஊன்றி நடந்தான். இடது கால் இழுத்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

பிறகு அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனோம். குண்டு வெளியே இல்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியும் அல்லவா? ஆளையே காட்டிவிடலாம் என்று மாதனின் யோசனை. தமிழ்க்கொடி பெட்டியை எடுத்துவந்து அவன் இடுப்பருகே பிடித்தாள். 'கீ' என்றது. மாதன் கையைத் தட்டினான். "பாத்தியாம்மா? இருக்குதா இல்லியா?"

"இருக்குதுங்க. ஆனா வரவு இல்ல."

"இதென்னா கூத்தும்மா. சரி, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்க. தொண்ணூறு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்கறம்."

"எப்பிடிங்க எழுதறது? நம்பர் கேக்குதே. தொலைஞ்சதுன்னு நான் அடிச்சா இந்தப் பெட்டியே தப்புன்னு சொல்லும். இது தொலையவும் இல்ல, திரும்பவும் இல்ல. கணக்கு அப்பிடியே திறந்து கிடக்கும்."

"எதுவரைக்கும்?"

அவள் மேசையில் இருந்த காகிதத்தை நேராக்கினாள். பச்சையப்பன்தான் வண்டியிலிருந்து சொன்னான்: "நான் இருக்கிற வரைக்கும். அதானம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் கேலி பேசிக்கொண்டே வந்தான். "மெதுவா ஓட்டுடா, அரசாங்கச் சொத்து உள்ள இருக்குது." குடியிருப்புக்கு வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னையில இருந்து யாரும் என்னைத் திட்டக் கூடாது. திட்டினா ராஜத்துரோகம்" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துப்பாக்கியைச் சுவரில் மாட்டினேன். புரட்டாசியில் மழை இல்லை. கிழங்கும் கீரையும் தீர்ந்தன. பிள்ளைகளுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். பன்றிகள் பகலிலேயே ஓடையில் மிஞ்சியிருந்த குட்டைக்கு இறங்கி, எங்கள் முன்னால் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. கல்லை எறிந்தால் நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான்.

அவன் சாக வேண்டும் என்று யாரும் நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் அவன் உடம்பை விசாரிக்க ஆரம்பித்தார்கள். முன்பு வாரத்துக்கு ஒருவர் கேட்டால் அதிகம். இப்போது தினமும் நாலு பேர் வாசலில் வந்து நின்று, "எப்பிடி இருக்குது பச்சையப்பனுக்கு?" என்பார்கள். நன்றாக இருக்கிறது என்றால், "நல்லது நல்லது" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள். சென்னம்மாவுக்கு அந்த ஒரு நிமிடம் புரிந்துவிட்டது.

ஒருநாள் மாதனைப் பிடித்துக்கொண்டாள். "கேக்கறதுன்னா தூரமா நின்னு கேட்டுட்டுப் போங்க. தினமும் கிட்ட வந்து மூஞ்சியப் பாக்காதீங்க. சந்தை மாட்டைப் பாக்கறாப்பல."

"என்னா சென்னம்மா இப்பிடிப் பேசற? அவன் எனக்குத் தம்பி மாதிரி."

"தம்பிதான். அதான் பயமா இருக்குது."

அவன் சோற்றைக்கூட அவள்தான் வடித்தாள், அவள்தான் போட்டாள். பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்தால் வாங்கினாள், அவனுக்குப் போடவில்லை.

ஐப்பசியில் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு குழந்தைகள் போயின. இரண்டாவது மாதனின் பெண், மூன்று வயது. குழியில் இறக்கியபோது மாதன் பச்சையப்பனைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்திருந்த மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பச்சையப்பன் தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "மச்சான், மாட்டு ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தாரே எத்திராசு, அவரு ஒத்துக்கிட்டாரு. நாளைக்கு எடுக்கப் போறம்."

"பைத்தியமா உனக்கு? டாக்டரு என்னா சொன்னாரு?"

"தொட்டா ஆபத்துன்னாரு. தொடலைன்னா யாருக்கு ஆபத்துன்னு அவருக்குத் தெரியாது."

"வேணாம்டா. நான்தான் சுட்டன். என்னால ஆன..."

"நீ சுட்ட. நான் எழுந்திரிச்சன். ரெண்டு பேரு வேலையும்தான். ஜோடி வேலை என்னைக்கு ஒருத்தன் செஞ்சான்?" என் தோளை அழுத்தினான். வலிக்கிற தோள். "சென்னம்மாகிட்ட நீ சொல்லாத. நான் சொல்லிட்டன். ஒரு ராத்திரி பூரா அழுதா. சரின்னுட்டா."

அவள் சரி என்று சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

எத்திராஜ் வெளிச்சத்துக்காக மதியத்தில் வைத்துக்கொண்டார். கன்றுக்குட்டிக்குக் கட்டி அறுக்கிற கத்தியைக் கொதிக்க வைத்தார். பச்சையப்பன் அரை பாட்டில் சாராயம் குடித்துவிட்டுக் குப்புறப் படுத்தான். நாலு பேர் காலைப் பிடித்தார்கள். நான் தலைமாட்டில். "இருபது வருசம் நீ அடிச்ச, நான் பாக்காமப் புடிச்சன். இப்ப நீ பாக்காமப் புடி மச்சான்" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும். தட்டில் 'டங்' என்று சத்தம் கேட்டது. எத்திராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குண்டு சப்பையாகி, ஓரம் பிய்ந்து இருந்தது. பன்றிகளிடமிருந்து எடுத்ததும் அப்படித்தான் இருக்கும். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மாதன் அதைக் கழுவினான். தலைக்கு மேல் தூக்கக் கையைக் கொண்டுபோனவன், பாதியில் இறக்கிவிட்டான்.

இரண்டு நாள் பச்சையப்பன் நன்றாகப் பேசினான். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நான் குண்டுகள் இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு மையத்துக்கு நடந்தேன்.

தமிழ்க்கொடி முதல் குண்டை வரவு வைத்தாள். இரண்டாவதைப் பெட்டியருகே கொண்டுபோனாள். 'கீ.' எனக்கு மூச்சு வந்தது. பிறகு அதைச் சின்னத் தராசில் வைத்தாள். வைத்தவள் எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள்.

"இருபத்தெட்டு கிராம் இருக்கணுங்க. இருபத்தஞ்சுதான் காட்டுது."

"பன்னிக் குண்டெல்லாம் இப்பிடித்தானம்மா நசுங்கி வந்துது?"

"நசுங்கினா எடை குறையாதுங்க. ஒரு கிராம் குறைஞ்சா விட்டுடும். இது மூணு கிராம். எலும்புல பட்டு ஒரு துண்டு தனியா உடைஞ்சிருக்குது."

"சில்லு வந்துடுச்சில்ல? நம்பர் வந்துடுச்சில்ல?"

"போன வருசம் வேற ஊர்ல சில்லை மட்டும் தோண்டிக் குடுத்துட்டு ஈயத்தை வித்துட்டாங்க. அதுல இருந்து எடையும் பாக்குது." குரல் இறங்கியது. "தராசு என் பேச்சைக் கேக்காதுங்க. நேரா மேல பேசுது."

"தூண்டில் ஈயம் இருக்குதும்மா எங்கிட்ட. மூணு கிராம் என்னா, முப்பது கிராம் தரன்."

"எத்தனையோ பேரு கேட்டுட்டாங்க. அது அதோட ஈயத்தை மட்டுந்தான் எடுத்துக்கும்."

நான் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எங்க அண்ணன் போன தையில சண்டையில போனாருங்க. அவரு உடம்புல எத்தனை குண்டு இருந்துதுன்னு யாரும் எடை போடல" என்றாள். ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் நடந்தேன். நடக்கிற வழியில் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அதுதான் என் தப்பு.

மச்சான் வீட்டுக்குள் நுழைந்தபோதே புண் வாடை அடித்தது. பச்சையப்பன் முகம் காய்ந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"எத்தன குடுத்தா?"

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டா?" சிரித்தான். "நல்ல பொண்ணுதான் அவ. சென்னம்மா, கேட்டியா? ரெண்டு குடுத்துட்டாளாம். போய்ச் சொல்லு எல்லாருக்கும்."

சென்னம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். சிறிது நேரத்தில் வரிசையாக வீடு வீடாகச் சத்தம் எழுந்தது. பிள்ளைகள் கத்தின. பல மாதம் கழித்துக் கேட்ட சத்தம். பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பத்து மணிக்கு உயிர் போனது.

ஓடைக்கரையில் புதைத்தோம். மூன்றாம் நாள் பால் ஊற்ற எல்லாரும் போனோம். சடங்கு முடிந்ததும் மாதன் என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "தீத்தா, இன்னைக்கே கெளம்பிடுவம். அவன் பேரைச் சொல்லி ஒரு பன்னி. அவன் குடுத்ததுதான் இது." பின்னால் பெண்கள் நின்றார்கள். ஏனங்களைக் கழுவிக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். சென்னம்மாவும், "ஆமாண்ணா. முதல் கூறு மாதண்ணன் வீட்டுக்குப் போடுங்க" என்றாள்.

"குண்டு இல்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மாதனிடம் கொடுத்தேன். அவன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். வரவு இருபத்தைந்து. குறைவு மூன்று. வழங்கல் இல்லை.

"குறைவுன்னா?"

"ஒரு துண்டு உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு."

"உள்ளயேன்னா எங்க?"

கூட்டத்தில் யாரோ ஒருத்தி முதலில் புதைமேட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு எல்லாத் தலையும் திரும்பின. ஈரமண். மேலே பால் இன்னும் ஊறி முடியவில்லை. குழி வெட்டிய கடப்பாரையும் மண்வெட்டியும் பக்கத்திலேயே கிடந்தன.

சென்னம்மா அழவில்லை. பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"மூணு கிராமுன்னா எவ்வளவுண்ணா?"

"கொண்டைக்கடலையில பாதி இருக்கும்."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், அங்கே அது இருப்பது போல. பிறகு மாதனைப் பார்த்தாள். அவன் பெண்சாதியைப் பார்த்தாள். அவள் இடுப்பில் இருந்த அடுத்த பிள்ளையின் வீங்கிய காலைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. மேட்டுக்கு முதுகு காட்டி, எங்கள் பக்கம் திரும்பி, மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கார்த்திகை முடிந்து மார்கழி நடக்கிறது. தினமும் காலையில் அவள் அங்கே போய் உட்காருகிறாள். கடப்பாரையை யாரும் எடுத்துவரவில்லை; யாரும் தொடவும் இல்லை. நேற்று மாதன் ஓடைப் பக்கம் போய், நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

மையத்திலிருந்து மாதம் ஒரு சீட்டு வருகிறது. அதில் ஒரே வரிதான். குவாரிக் குடியிருப்பு, வீடுகள் முப்பத்தொன்று, அரசுக்குத் தரவேண்டிய ஈயம் மூன்று கிராம்.